ஊரில் எத்தனையோ கிராகுகள்

தெயுரி தன் மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் திடீரென்று வீட்டு வேலை ஞாபகம் வந்துவிடும். ஒருவருக்கு ஆட்டை அவிழ்க்க வேண்டும், இன்னொருவருக்குப் பால் கொண்டு போக வேண்டும். மகன் கிராகு நன்யுகி விமானதளத்தில் இயந்திரம் பழுது பார்க்கிறவன். தகப்பன் சொல்வதைக் கேட்டால் கென்யாவின் ஆகாயத்துக்கே அவன்தான் முட்டுக் கொடுத்து நிற்கிறான் என்று தோன்றும். தலைக்கு மேலே ஒரு ஜெட் போனால் போதும், தெயுரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விரலை உயர்த்துவார்.

"சத்தம் கேக்குதா? பிசிறில்லாம கேக்குதுல்ல? எங்கப்பன் முடுக்கின திருகு அது."

எங்கப்பன் என்றது மகனைத்தான். கிகுயு வீட்டில் மூத்த பையனுக்குத் தகப்பனைப் பெற்றவரின் பேர். அதில் யாருடைய இஷ்டமும் செல்லாது. தெயுரியின் அப்பா கிராகு, அவரைப் பெற்றவர் தெயுரி, அவருக்கும் மேலே இன்னொரு கிராகு. இரண்டே பேர்கள் ஏர்க்காலில் பூட்டிய இரண்டு மாடுகள்போல அந்தக் குடும்பத்தை இழுத்துக்கொண்டு வந்திருந்தன. பையன் பிறந்த நாளிலிருந்து தெயுரி அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அப்பா என்றுதான். அவர் மனைவி வங்கேச்சி அவன் தவழும்போதே, "மாமனாரே, மூக்கைத் துடைச்சுக்கிட்டு வாங்க" என்பாள்.

கடையில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பவன் வெரு ஒருவன்தான். அவனும் தெயுரியும் விடலை வயதில், சுன்னத்துச் சடங்கன்று, ஒரே காலையில், ஒரே கத்திக்கு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற ஜோடி. அப்படி நின்றவர்களுக்குள் கேலிக்கு வரம்பு கிடையாது.

"உங்கப்பன் ஜெட்டுக்குத் திருகு முடுக்குறான், சரிடா. நீ ஓட்டுற தண்ணி ஆபீஸ் லாரி நேத்து எங்க வீட்டு முன்னாடி நின்னு இருமுச்சே, அதுக்கு எப்ப வந்து முடுக்குவான்?"

"பொறாமைடா உனக்கு."

"ஆமாண்டா. எம்புள்ள கோழி வளக்குறான். அதுவும் பறக்குது, வேலி வரைக்கும்."

தெயுரி மாவட்டத் தண்ணீர் அலுவலகத்தில் ஓட்டுநர். அரசாங்கக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருந்தது.

அந்த வருடம், எண்பத்திரண்டு, ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. ஜூன் மாதம் நாடாளுமன்றத்தில் ஒரே நாளில், இனி நாட்டில் ஒரே கட்சிதான் என்று சட்டமாக்கினார்கள். அதற்கும் முன்னாலிருந்தே பல்கலைக்கழகத்து ஆசிரியர்களை ஒவ்வொருவராகப் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தேநீர்க் கடையில் ஆட்கள் மழையைப் பற்றி மட்டும் பேசக் கற்றுக்கொண்டார்கள். தெயுரிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகப் படவில்லை. ஏப்ரலில் மகனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. தளத்தில் குடும்பத்தோடு தங்க இடமில்லை என்பதால் மருமகள் வைரிமு இவர்கள் வீட்டிலேயே இருந்தாள். ஜூலையில் அவள் இரண்டு மாதமாகக் குளிக்கவில்லை என்று வங்கேச்சி அடுப்படியிலிருந்து சொன்னாள்.

தெயுரி அன்று முழுதும் லாரியைத் தேவையில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தார். பிறப்பது ஆணாக இருந்தால் அடுத்த மாடு அவர்தான். அந்தக் குழந்தை தெயுரி. அவர் செத்து மண்ணாகிப் போன பிறகும் யாரோ ஒரு பெண் வாசலில் நின்று, "தெயுரி, சாப்பிட வாடா" என்று கூப்பிடுவாள். ஒரு மனிதன் இதற்கு மேல் என்ன கேட்பான்? தண்ணீர் அலுவலகத்தில் முப்பது வருடம் ஓட்டியதற்கு யாரும் அவருக்குச் சிலை வைக்கப் போவதில்லை. பேர் ஒன்றுதான் மிச்சம்.

ஆகஸ்டு முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை. கோவிலுக்குப் போகத் தெயுரி கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு ஜெட்டுகள் தாழப் பறந்து தெற்கே போயின. வாசலுக்கு ஓடிவந்து அக்கம்பக்கத்தாருக்குக் கேட்கும்படி, "பாத்தீங்களா? எங்கப்பன் முடுக்கினது!" என்று கத்தினார். எதிர்வீட்டுக்காரன் தன் வானொலிப் பெட்டியைச் சன்னலில் தூக்கி வைத்தான். பட்டாளத்து இசை போய்க்கொண்டிருந்தது. நடுவில் பழக்கமில்லாத ஒரு குரல், அரசாங்கம் கவிழ்ந்துவிட்டது, ஆட்சி இப்போது படையின் கையில் என்றது. எந்தப் படை என்பது பொழுது சாய்வதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. விமானப்படை. அதற்குள் தரைப்படை வந்து வானொலி நிலையத்தைத் திரும்பப் பிடித்திருந்தது. ஜனாதிபதியின் குரலும் வந்தது. தெயுரி கழுத்துப்பட்டையை அவிழ்க்காமலே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலையில் தான் கத்தியது எத்தனை வீட்டுக்குக் கேட்டிருக்கும் என்று அவர் மனசு ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

விமானப்படையில் இருந்தவர்களை, சமையல்காரன் தொட்டுத் தளபதி வரை, ஒருவர் விடாமல் அள்ளிக்கொண்டு போனார்கள். கிராகுவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. செத்தவர்களோடு கிடக்கிறானா, பிடிபட்டவர்களோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியவில்லை.

வியாழக்கிழமை அலுவலகத்தில் ஒரு தாளைக் கொண்டு வந்தார்கள். நெருங்கிய உறவினர் யாராவது விமானப்படையில் உண்டா, உண்டென்றால் பேர் என்ன, என்ன முறை. இன்ஜினியர் ஜும்பே கடற்கரைப் பக்கத்துக்காரர், ஜூலையில்தான் மாற்றலாகி வந்தவர். தெயுரியின் தம்பட்டம் இன்னும் அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை.

"உனக்கு யாரும் இல்லல்ல தெயுரி? இருந்தா வண்டிய வாங்கிக்கணும்னு மேல இருந்து சொல்லியிருக்காங்க. நல்ல டிரைவர் நீ. எனக்கும் கஷ்டமாயிடும்."

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் பிற்பாடு மனசைத் தேற்றிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

"இல்ல சார்," என்றார் தெயுரி. அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். வரிசையில் நின்ற மற்ற ஓட்டுநர்கள் அத்தனை பேரும் கிராகுவின் கல்யாணத்தில் ஆட்டுக்கறி தின்றவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. காட்டிக் கொடுக்காமல் விட்டார்களே என்ற நன்றி தெயுரிக்கு வரவில்லை. பார்த்துவிட்டார்களே என்ற எரிச்சல்தான் வந்தது.

வீட்டில் வங்கேச்சி சோளமும் அவரையும் வேகிற பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளிடம் மறைக்க முடியவில்லை.

"என்ன எழுதினீங்க?"

"இல்லைன்னு."

"யாரு இல்லைன்னு?"

"விமானப்படையில நமக்கு யாரும் இல்லைன்னு. வேற என்னடி எழுதச் சொல்ற? வேல போனா இந்த வீடும் போயிடும். புள்ளத்தாச்சிப் பொண்ண எங்க கொண்டு போய் வெப்ப? வைரிமுவுக்காகத்தான் எழுதினேன்."

வங்கேச்சி அகப்பையைப் பானையின் விளிம்பில் தட்டினாள். "அவன் உயிரோட இருக்கானான்னே தெரியல. அதுக்குள்ள நீங்க இல்லைன்னு எழுதிட்டீங்க."

சனிக்கிழமை காலை சந்தைத் திடலில் கூட்டம் போட்டார் அரசாங்கம் நியமித்த ஊர்த் தலைவர், சீஃப் மதெங்கே. எல்லோரும் வந்தாக வேண்டும், வராத வீட்டைக் குறித்துக்கொள்வோம் என்று தண்டோரா வேறு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். சீஃபுக்குப் பக்கத்தில் நாற்காலிகளில் மாவட்ட அலுவலர்கள். தண்ணீர் அலுவலகத்தின் சார்பாக இன்ஜினியர் ஜும்பேயும் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கிகுயு தெரியாது. ஒரு குமாஸ்தா பின்னால் குனிந்து நின்று காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான்.

ஜனாதிபதிக்கு மூன்று தடவை வாழ்த்துச் சொல்லி முடித்ததும் சீஃப் தடியைக் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

"இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த ஊர்ல விமானப்படையில புள்ளைங்கள வெச்சிருக்கிறவங்க எழுந்து நில்லுங்க. யாரையும் திங்க மாட்டேன். பேரு குடுக்கறவங்களுக்கு லெட்டர் தருவேன். அது இருந்தாத்தான் முகாம் வாசல்ல போய், இருக்கானா செத்தானான்னாவது கேக்க முடியும். லெட்டர் இல்லாம அங்க ஈ காக்கா நுழையாது."

ஒரு கிழவர் எழுந்தார். அப்புறம் ஒரு விதவை. தெயுரி தன் முன்னாலிருந்த புல்லைப் பார்த்தார். பக்கத்தில் வெரு இருந்தான். வெருவின் முழங்கை அவர் விலாவில் ஒரு தடவை இடித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. எழுந்துவிடலாம், ஆனால் வியாழக்கிழமை எழுதிய தாள் இன்ஜினியரின் உருவத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. தெயுரியின் தொடை இறுகியது, எழுவதற்குத்தான் இறுகியது என்று அவர் பின்னால் பல நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் எழவில்லை.

பெண்கள் பக்கத்தில் வங்கேச்சி எழுந்தாள்.

சீஃப் அவளைப் பார்த்தார், ஆண்கள் பக்கம் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "நீ எதுக்கும்மா எழுந்திரிக்கிற? ஒம்புருஷன் வரலயா?"

"அவருக்கு இதுல சம்பந்தம் இல்லீங்க." வங்கேச்சியின் குரல் உயரவும் இல்லை, நடுங்கவும் இல்லை. "பையன் என்னோட பையன். கல்யாணத்துக்கு முந்தியே பெத்தது."

இருபத்தைந்து வருடம் கோவிலில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடியவள் அவள். நாற்காலிப் பக்கம் குமாஸ்தாவின் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. இன்ஜினியர் தலையாட்டிக்கொண்டார்.

"பையன் பேரு?"

"கிராகு."

எங்கோ பின்னாலிருந்து ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அது பெண்கள் பக்கம் பரவி உடனே அடங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள், பாவம், இலையிலோ சோறே இல்லை. தகப்பன் இல்லாமல் பெற்ற பிள்ளைக்குத் தாயைப் பெற்றவரின் பேரைத்தான் வைப்பார்கள். அது கைக்குழந்தைக்கும் தெரியும்.

சீஃபுக்கும் தெரியும். அவர் இரண்டு அடி முன்னால் வந்தார். "உங்கப்பா பேரு என்னம்மா?"

"முயா."

"முயா. அப்ப இந்தக் கிராகுங்கறது யாரு பேரு?"

சீஃப் அவளை விட்டுவிட்டு ஆண்கள் பக்கம் திரும்பினார். அவர் சிறுபிள்ளையாக இருக்கையில் தெயுரியின் அப்பா, பழைய கிராகுவோடு சேர்ந்து மாடு மேய்த்தவர். அந்த மனிதரைப் புதைத்தபோது மண் தள்ளியவர்களில் ஒருவர்.

"தெயுரி. உங்கப்பா பேரு என்ன?"

இது தப்பிக்க விட்ட கேள்வியா, மாட்டி வைத்த கேள்வியா என்று தெயுரிக்கு இன்றுவரை தெரியாது. ஒரே ஒரு வார்த்தை போதும். பிறந்ததிலிருந்து தன் பேரோடு சேர்த்துச் சொல்லி வந்த வார்த்தை. அவர் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். நாற்காலியில் இன்ஜினியரின் கண்ணாடி வெயிலில் மின்னியது.

"ஊர்ல எத்தனையோ கிராகு இருக்காங்க சீஃப்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சீஃப் பக்கத்தில் திரும்பிப் புல்லில் துப்பினார். பிறகு தன் எழுத்தரிடம், "எழுதிக்கோ. கிராகு. தாய் வங்கேச்சி. தகப்பன் தெரியாது," என்றார். குமாஸ்தா அதையும் இன்ஜினியரின் காதில் சொன்னான். வார்த்தைகளை மொழிபெயர்த்தான், மற்றதை மொழிபெயர்க்கவில்லை.

இன்ஜினியருக்கு ஒன்றும் புரியவில்லை. தெயுரியின் வேலை தப்பியது. ஊருக்கு எல்லாம் புரிந்தது. திடலில் இருந்த முந்நூறு பேர் நினைத்திருந்தால் திங்கட்கிழமை காலையில் ஒரு வார்த்தை சொல்லி அவரை ஒழித்திருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. அத்தனை பேரும் சேர்ந்து தன்னை மூடி மறைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்பது தெயுரிக்கு அம்மணமாக நடப்பதைவிடக் கேவலமாக இருந்தது.

தேநீர்க் கடையில் வெரு நகர்ந்து இடம் கொடுத்தான். சர்க்கரையைத் தள்ளி வைத்தான். லாரி புகைந்தது, ஒரு தடவை கடை வாசலிலேயே நின்று போனது. தெயுரி காத்திருந்தார். வெரு, "பம்ப் போயிருக்கும்," என்று மட்டும் சொன்னான். முப்பத்தைந்து வருடத்தில் அவன் கேலி செய்யாமல் விட்ட முதல் சந்தர்ப்பம் அது. அதற்கப்புறம் கேலியே செய்யவில்லை. நோயாளியிடம் பேசுவதுபோல் மரியாதையாகப் பேசினான். தெயுரி கடைக்குப் போவதைக் குறைத்து, பிறகு நிறுத்தினார்.

கிராகு உயிரோடு இருக்கிறான் என்று செப்டம்பரில் தெரிந்தது. மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய முகாம். வங்கேச்சி மாதம் ஒரு தடவை சோப்பும் சட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். பெரும்பாலும் வாசலிலேயே வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினார்கள். அக்டோபரில் ஒரு காலை, நல்ல மழை. தெயுரி லாரியில் வரும்போது பஸ் நிறுத்தத்தில் அவள் கூடையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். அரசாங்க வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது விதி. அதே வண்டியில் அவர் ஆடு ஏற்றியிருக்கிறார், கல்யாணக் கோஷ்டி ஏற்றியிருக்கிறார், ஒரு தடவை வெருவின் கட்டிலை ஏற்றியிருக்கிறார். வேகத்தைக் குறைத்தார். அவளை ஏற்றிக்கொண்டு எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தார். அவள் கையைக் காட்டவில்லை. அவரைப் பார்த்தாள், பஸ் வருகிறதா என்று அவருக்குப் பின்னால் பார்த்தாள். அவர் போய்விட்டார். அன்று ராத்திரி அவள் சோறு வைத்தபோது ஈரத்துணியின் வாசனை அடித்தது. இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

வைரிமுவின் வயிறு வளர்ந்தது. அவள் தேநீர் கொண்டு வந்து வைப்பாள், "குடிங்க மாமா" என்பாள், போய்விடுவாள். தெயுரிக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பையனாகப் பிறந்தால் என்ன பேர்? அதை யாரிடம் கேட்பது, எந்த வாயால் கேட்பது? தகப்பன் தெரியாது என்று சீஃபின் கடிதத்தில் இருக்கிறது. தகப்பன் தெரியாதவனுக்குப் பிறக்கிற பிள்ளைக்கு, அவனைப் பெற்றவளின் அப்பா பேர்தான், முயாதான். தெயுரி, கிராகு என்று எந்தக் காலத்திலிருந்தோ மாறி மாறி வந்த ஏரைத் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டாயிற்று. சில காலைகளில் பெண் குழந்தையாகப் பிறக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். அப்போதுகூட வேண்டுதலில் வெட்கம்தான் முன்னால் நின்றது.

பிப்ரவரியில் வழக்கு ஏதும் இல்லை என்று சொல்லிக் கிராகுவை வெளியே விட்டார்கள். வேலை போய்விட்டது. மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தான். தெயுரி லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலில் யாரோ என்று நினைத்தார். அவ்வளவு மெலிந்திருந்தான், நடக்கும்போது பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றினான். வழக்கம்போல "அப்பா" என்று கூப்பிட வாயெடுத்த தெயுரி, குனிந்து வாளியை நகர்த்தி வைத்தார்.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான் மகன். கை கொடுத்தான். அவ்வளவுதான்.

மூன்று வாரம் அப்படியே போயிற்று. அவன் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. தட்டை எடுத்து வைத்தான், நாற்காலியை விட்டுக் கொடுத்தான், வெளியே போகும்போது சொல்லிவிட்டுப் போனான். விருந்தாளி வீட்டுக்காரரிடம் நடந்துகொள்வதுபோல எல்லாம் ஒழுங்காக இருந்தது. சண்டை போட்டிருந்தால் தெயுரி காலில் விழுந்திருப்பார். அதற்கு அவன் இடம் கொடுக்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து வைரிமுவுக்கு வலி. மருத்துவச்சியும் வங்கேச்சியும் உள்ளே இருந்தார்கள். கிராகு வெளியே விறகுக் கட்டைமேல் உட்கார்ந்திருந்தான். தெயுரி வேலைக்குப் போகவில்லை. மகனுக்குப் பக்கத்தில் உட்காரத் தைரியமில்லாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். பத்து மணி வாக்கில் குழந்தை அழுதது. தொடர்ந்து உள்ளேயிருந்து குலவைச் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. பெண் என்றால் மூன்றோடு நிற்கும். நான்காவது வந்தது. ஐந்தாவது வந்தது.

மருத்துவச்சி கதவைக் கொஞ்சமாகத் திறந்து முகத்தை நீட்டினாள். வழக்கமாகக் கேட்கிறபடி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"நம்ம வீட்டுக்கு யாரு வந்திருக்காங்க? பேரச் சொல்லுங்க, உள்ள காத்துக்கிட்டு இருக்காங்க."

கிராகு வாயைத் திறப்பதற்குள் தெயுரி சுவரை விட்டு வந்துவிட்டார்.

"வேணாம்." அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "என் பேரு வேணாம்ப்பா. நீ வெக்க மாட்டேன்னு தெரியும், ஆனா ஊருக்குப் பயந்து வெச்சிடாத. உங்கம்மாவோட அப்பா பேரு வை. முயா. நல்ல மனுஷன், யாருக்கும் தலை குனிஞ்சதில்ல. அன்னிக்குத் திடல்ல நான் என்ன சொன்னேன்னு உனக்குச் சொல்லியிருப்பாங்க."

"அம்மா சொல்லல," என்றான் கிராகு. "அங்கயே தெரியும்."

மருத்துவச்சி இருவரையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அங்க ஒரு மேசை," என்றான் கிராகு. அவன் தகப்பனைப் பார்க்காமல் தன் பாதங்களைப் பார்த்துப் பேசினான். "மேசை மேல ரெண்டு காயிதம் இருந்துச்சு. ஒண்ணு நான் படையில சேரும்போது எழுதினது. தகப்பன் பேரு தெயுரின்னு. இன்னொண்ணு அம்மா கொண்டுவந்த லெட்டரு. தகப்பன் தெரியாதுன்னு. இதுல எது பொய்னு கேட்டாங்க."

தெயுரி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"லெட்டர் பொய்னு சொன்னா அம்மாவப் புடிப்பாங்க. உங்களையும் புடிப்பாங்க. அதனால நான் எழுதினதுதான் பொய்னு சொன்னேன். அப்பன் இல்லாதவன் எதுக்குடா அப்பன் பேரு போட்டேன்னு கேட்டாங்க. ஊர்ல மதிப்பா இருக்கட்டும்னு யாரோ ஒருத்தர் பேரப் போட்டேன் சார்னு சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. அதுல இருந்து வாராவாரம் வரிசையில நிக்க வெச்சு எங்கிட்ட மட்டும் கேப்பாங்க. சிரிக்கிறதுக்காகவே கேப்பாங்க. உங்கப்பன் யாருடா? தெரியாது சார். சத்தமா சொல்லுடா. தெரியாது சார்."

"ஐயோ," என்றார் தெயுரி.

"நீங்க ஒரு தடவ சொன்னீங்க. நான் அஞ்சு மாசம் சொன்னேன்." கிராகு கையை ஊன்றி விறகுக் கட்டையிலிருந்து மெதுவாக எழுந்தான். "உங்க முகத்தப் பாத்துப் பேச முடியாம இருந்தது கோவத்துல இல்ல. எனக்கு வெக்கமா இருந்துச்சு."

தெயுரி கையை நீட்டினார். எதைப் பிடிப்பதற்கு என்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது. தன் வெட்கத்தைத் தான் ஒருவனே சுமந்து திரிவதாக இத்தனை மாதமும் நினைத்திருந்தார். அதில் பெரும்பாதியை ஒரு குற்றமும் செய்யாத இவன் தலையில் ஏற்றிவிட்டு, மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு சோறு தின்றிருக்கிறார்.

"உங்களுக்காகப் பேரு வெக்கல," என்றான் கிராகு. "ஊருக்காகவும் இல்ல. நான் அதச் சத்தமா சொல்லணும். அவ்வளவுதான்."

அவன் பாதத்தின் ஓரத்தை ஊன்றி வாசல்வரை நடந்தான். கதவில் கை வைத்துக்கொண்டு, குடியிருப்பு முழுவதும் கேட்கும்படி சொன்னான்.

"தெயுரி வந்திருக்கான்."

உள்ளே பெண்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். வங்கேச்சியின் குரலும் அதில் இருந்தது. எதிர்வீட்டுச் சன்னல் திறந்தது. தெயுரி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். ஐம்பத்திரண்டு வருடத்தில் தன் பேரைக் காதால் கேட்டு அவர் அப்படி வெட்கப்பட்டதில்லை.